ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மஞ்சள் பை

போன மாதம் ரம்யா என்றொரு பெண் என்னைப் பார்க்க, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் என் ஊரான எலப்புள்ளிக்கு வந்திருந்தாள். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற மையத்தில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஒருநாள் சிறைக்கும் போய்வருகிறாளாம்.

"உள்ள இருக்கற வரைக்கும் ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாங்க சார். விடுதலையாகி வெளிய போனா ஆளையே காணோம். கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டா அப்படி ஒருத்தரே இல்லைங்கறாங்க. நீங்க அந்தக் காலத்துல ஜெயில் ஆஸ்பத்திரில இருந்தீங்களாமே, நீங்கெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

நான் சிறைக்குப் போய்வந்த எழுபதுகளில் எச்.ஐ.வி. என்ற பெயரே யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வாய்த்தது காசநோய். ஆனால் அவள் சொன்னது அச்சு அசலாக எங்கள் கதை. உள்ளே இருக்கும்போது மருந்து, வெளியே போனால் மாயம். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதிகூட முடியவில்லை, அவளுக்குப் பேருந்து வந்துவிட்டது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொன்ன வாய்க்கு இப்போது வேலை வந்திருக்கிறது.

படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கம்பவுண்டர் படிப்பு படித்தேன். பாலக்காட்டுப் பக்கம் அரசாங்க வேலை கிடைத்தது. மருந்து கலக்குகிற வேலை என்று நினைத்துப் போனவனை ஊசி போடச் சொல்லிச் சிறைக்கு அனுப்பினார்கள். எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள்.

எங்கள் குடும்பம் நெல்லும் கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். மகன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எந்த இடம் என்று தெரிந்தது.

"ஏஞ்சாமி, இத்தனை படிச்சது செயிலுக்குப் போறதுக்குத்தானா?" என்றாள்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். சிறைக்குப் போய்விட்டு வந்தால் அப்படியே வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி வெளியிலேயே குளித்து, உடுப்பை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அதற்காக வாசலில் ஒரு பித்தளைத் தவலையில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்திருப்பாள். மழைக் காலத்திலும் அது தவறாது. தினமும் அந்தத் தண்ணீரில் நடுங்குவதைவிட வழியிலேயே குளித்துவிடலாம் என்று, வேலை முடிந்ததும் சிறைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் முங்கிவிட்டு வருவேன். அப்படியும் அம்மா ஒரு சொம்பாவது தலையில் ஊற்றாமல் விடமாட்டாள்.

சிறையில் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கிரேஸ். மலைமேல் சித்திரபுரத்துக்காரர். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்து படித்து வந்த தமிழச்சி. வார்டர்களிடம் மலையாளம் பேசுவார், கைதிகளிடம் அவரவர் மொழி. கோபம் வந்தால் மட்டும் மலைத்தமிழ் வந்துவிடும்.

முதல்நாள் வார்டர் ஒருவர் கைதியின் எண்ணைச் சொல்லி அழைத்துவந்து நிறுத்தினார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வார்டர் மறுபடி எண்ணைச் சொன்னார்.

"நம்பருக்கு இருமல் வராது சாரே. பேரு உள்ள ஆளு யாராவது வந்திருக்காகளா?" என்றார்.

கைதி தன் பெயரைச் சொன்னார். டாக்டரம்மா எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அந்த மனிதர் உட்காரத் தெரியாமல் வார்டரைப் பார்த்தார். அதுவரை கைதியை நீ, வா, போ என்று சொல்லத் தயாராக இருந்த நான் நாக்கை மடக்கிக்கொண்டேன்.

ஊசி விஷயத்தில் அவர் மகா கறார். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. ஸ்டவ்வில் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மருந்துப் பொடியைச் சுத்தமான நீரில் கரைத்து ஏற்ற வேண்டும். ஊசி ஒருமுறை போட்டுத் தூக்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை. அதே ஊசி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றையும் பஞ்சில் இழுத்துப் பார்க்கச் சொல்வார். நுனியில் இழை மாட்டினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கல்லில் தீட்டித் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் அப்படியே எடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. அந்த ஊசியை என் கையிலிருந்து வாங்கி, என் உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஒரு கோடு இழுத்தார். அதற்குமேல் அந்தப் பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நெஞ்சைப் படம் எடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். படம் எடுப்பவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து முழங்கையை முன்னால் கொண்டுவரச் சொல்வார். விலங்கு போட்ட கை எப்படி இடுப்புக்குப் போகும்? சட்டப்படி விலங்கைக் கழற்ற முடியாது என்றார் காவலுக்கு வந்தவர். "அப்போ விலங்கைத்தான் படம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டார். வரிசை நீண்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் விலங்கு கழன்றது.

அவருடைய இன்னொரு தந்திரத்தையும் சொல்லவேண்டும். முதல் சில மாதம் ஊசி, அப்புறம் ஒன்றரை வருஷம் முடிகிற வரைக்கும் மாத்திரை. உடம்பு கொஞ்சம் தேறினதும் யாருக்கும் மாத்திரை கசக்கும். கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்த் துப்புவார்கள். டாக்டரம்மா வாயைத் திறந்து காட்டச் சொல்லமாட்டார். தண்ணீர் குடித்த கையோடு ஊர்க்கதை கேட்பார். "உங்க ஊர்ல சந்தை என்னைக்கு? வீட்டு முன்னால என்ன மரம்?" கன்னத்தில் மாத்திரை இருப்பவனுக்குப் பேச்சு வழுக்கும். விழுங்கியவன் சரளமாகச் சொல்வான். அப்படிக் கேட்டுக் கேட்டே அங்கிருந்த எல்லோருடைய வீட்டு வாசலும் எங்களுக்கு அத்துப்படி ஆயிற்று.

இவ்வளவு பாடுபட்டும் தோற்றோம். விடுதலையாகும் நாளில், வெளியே போய்ச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளைக் காக்கித்தாளில் பொட்டலம் கட்டி, சிறை முத்திரை குத்தி, வாசலில் வைத்துக் கொடுப்போம். அடுத்த பொட்டலத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சிலர் வேறு வழக்கில் திரும்பி வருவார்கள், முன்னைவிட மோசமாக இருமிக்கொண்டு. "மருந்து சாப்பிட்டீங்களா?" என்றால் "சாப்பிட்டேன் டாக்டர்" என்பார்கள், தரையைப் பார்த்துக்கொண்டே.

காரணம் என் காலிலேயே தட்டுப்பட்டது. மழை நின்ற ஒரு சாயங்காலம் ஆற்றில் குளிக்க இறங்கினேன். வழக்கமான படித்துறையில் வெள்ளம். கொஞ்சம் கீழே தள்ளி இறங்கினால், நாணல் புதரில் காக்கிப் பொட்டலங்கள் சிக்கிக் கிடந்தன. சிலது கட்டுகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. பக்கத்தில் பழைய வேட்டி, துண்டு, தட்டு. ஈரத்தோடு நின்று யோசித்தேன். தவலையும் சொம்பும் கண்ணுக்கு முன்னால் வந்தன. விடுதலையாகிறவன் நேராக இந்த ஆற்றுக்குத்தான் வருகிறான். முங்கி எழுந்து, உள்ளே உடுத்தது, உள்ளே கொடுத்தது அத்தனையையும் இங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். சிறைப் பொருள் வீட்டுக்குள் போனால் கூடவே சிறையும் வரும் என்று எங்கள் சீமையில் எல்லோருக்கும் ஒரு பயம். மருந்தும் சிறைப் பொருள்தானே. அதில் முத்திரை வேறு குத்திக் கொடுத்திருக்கிறோம்.

டாக்டரம்மா ஒரு பொட்டலத்தைச் சொட்டச் சொட்டச் சூப்பிரண்டின் மேசைமேல் வைத்தார். இது உங்கள் கேட்டில் கொடுத்தது, ஆற்றில் கிடைத்தது, இனிமேல் ஆற்றைத் தாண்டித்தான் கொடுப்போம் என்றார். சூப்பிரண்டு தம் கோப்புகளை அவசரமாக நகர்த்தினார். கேட்டுக்கு வெளியே நடப்பது தமக்குத் தெரியாது என்று மலையாளத்தில் சொன்னார். எங்களுக்கு அது போதும்.

ஆற்றின் குறுக்கே ஒரு சப்பாத்து, அதாவது வெள்ளம் வந்தால் முழுகிவிடும் தாழ்வான பாலம் உண்டு. அக்கரையில் ஒரு டீக்கடை. விடுதலை நாட்களில் காலையிலேயே நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். காக்கித்தாள் கூடாது, முத்திரை கூடாது. வேறு எதில் கொடுப்பது? துணிக்கடைகளில் கொடுக்கிற மஞ்சள் பை எங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"செயில்காரனுக்கா?" என்றாள்.  பிறகு, "தர்றேன். ஆனா கண்ணு, போன பை போனதுதான். திரும்ப இந்த ஊட்டுக்குள்ளார வரப்படாது" என்றாள்.

அடுத்தநாள் பார்த்தால் ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி பொரிகடலையும் ஒரு துண்டு வெல்லமும் இருந்தன. வெறும் பையைக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

முதலில் அக்கரைக்கு வந்தவர் ஈரத் தலையோடு என்னைப் பார்த்ததும் பின்வாங்கினார். "ஜெயில் மருந்தா?" என்றார்.

"இல்லீங்க. எங்கம்மா கொடுத்தனுப்புன பை" என்றேன்.

பையைத் திறந்தார். வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் அடுத்த மாதம் மருந்துக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் வந்தார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வர ஆரம்பித்தார்கள்.

இனி அருளப்பன் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அருளப்பனுக்கு ஊர் வண்டன்மேடு. ஏலத் தோட்டத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய வேதக்காரக் குடும்பம். மழை பொய்த்துத் தோட்டத்தில் வேலை குறைந்தபோது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வந்து தொழிற்சாலைக் கட்டட வேலையில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரு கைகலப்பு. எதிராளிக்குப் பலத்த காயம். சிறைக்கு வந்த பிறகுதான் நெஞ்சில் நோய் இருப்பது தெரிந்தது. ஊரில் எல்லோரும் அவர் இன்னும் கட்டட வேலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தது மனைவி புஷ்பத்துக்கு மட்டும். அவர் தோட்ட வேலையை விடாமல் பார்த்து, லயத்தில் இருந்த அந்த ஒற்றை அறையைக் காப்பாற்றி வந்தார். லயம் என்றால் தோட்டக்காரர்கள் வேலையாட்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. புருஷன் கைதி என்றோ நோயாளி என்றோ தெரிந்தால் அந்த அறை போய்விடும் என்பது அவர்கள் பயம்.

மாத்திரை விழுங்கியதும் அருளப்பன் சொல்லும் ஊர்க்கதையில் எப்போதும் புஷ்பம் இருப்பார். "எங்க லயத்துக்கு முன்னால ஒரு பலா நிக்கி டாக்டரம்மா. நான் வரதுக்குள்ள யாரும் காயை வெட்டக் கூடாதுன்னு அவ காவ காக்கா" என்பார். டாக்டரம்மா சிரித்துவிடுவார்.

பாதி வைத்தியத்தில் அவருக்கு விடுதலை வந்தது. ஆற்றில் முங்கி வந்தவரிடம் மஞ்சள் பையைக் கொடுத்தேன். வண்டன்மேட்டிலிருந்து மாதாமாதம் பாலக்காடு வருவது நடக்கிற காரியம் இல்லை. மலைக்குக் கீழே கம்பத்தில், டாக்டரம்மாவோடு படித்த ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரிடம் மருந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு ஆயிற்று.

சில மாதங்களில் அந்த டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மற்றவர்கள் மருந்துக்கு வராமல் போனதைத்தானே இதுவரை சொன்னேன்? அருளப்பன் அதற்கு நேர்மாறு. மாதம் முடிவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறாராம். ஒருதடவை எலி தின்றுவிட்டது, ஒருதடவை ஓடையில் விழுந்துவிட்டது. ஆள் மருந்தை விற்கிறார் என்று நினைக்கிறேன், இனிமேல் கொடுப்பதாக இல்லை என்று அந்த டாக்டர் முடித்திருந்தார்.

மருந்து நின்றால் அருளப்பன் பிழைக்கமாட்டார். எனக்கும் டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.

"விக்கிற ஆளு எலி மேல பழி போடமாட்டாரு. நல்லாப் பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கும். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு, "எங்க இருந்து வர்றீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

ஒரு மஞ்சள் பை நிறைய மருந்தோடு கிளம்பினேன். பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று பஸ் மாறி, கம்பமெட்டு வழியாக மலையேறி வண்டன்மேட்டில் இறங்கினேன். அன்று ஏலக்காய் ஏலம். கடைவீதி முழுக்க வியாபாரிகள், சாக்கு மூட்டைகள், மூக்கைத் துளைக்கும் வாசனை. விசாரித்துத் தோட்டத்துக்குப் போனால் முதலில் எதிர்ப்பட்டவர் மாடசாமி கங்காணி. வேலையாட்களை மேய்ப்பவர். அட்டைப்பூச்சி கடிக்காதபடி முழங்கால்வரை உறை மாட்டிக்கொண்டு, கையில் குடையோடு நின்றார்.

"அருளப்பனப் பாக்கணுமா? நீரு யாரு?" என்றார்.

"கஞ்சிக்கோட்டுல கூட வேலை செஞ்சவனுங்க."

"கொத்தனாரா, சித்தாளா?"

"கொத்தனாருங்க." கேட்பார் என்று எதிர்பார்த்தால் கொஞ்சம் படித்துவிட்டாவது வந்திருப்பேன்.

"நம்ம ஸ்டோர் தளம் பெயர்ந்துபோய்க் கெடக்கு. கலவை எப்படிப் போடணும்னு சொல்லிட்டுப் போங்க."

கலவை என்றதும் என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "மொதல்ல தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவச்சரோணுங்க" என்றேன்.

கங்காணி என் கைகளைப் பார்த்தார், பிறகு மஞ்சள் பையைப் பார்த்தார். குடையை நீட்டி லயத்துக்கு வழி காட்டினார்.

பலாமரம் இருந்தது. அருளப்பன் என்னைக் கண்டதும் முதலில் பயந்தார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு தேறியிருந்தது என்று சொல்ல முடியாது. புஷ்பம் கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பில் வாயைப் புதைத்து இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் கேட்ட இருமல்.

அலமாரித் தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர். இரண்டுக்கும் பக்கத்தில் சரிபாதியாக மாத்திரைகள்.

"இது யாருக்குங்க?" என்றேன்.

"அவளுக்குத்தான் அண்ணாச்சி. அவளும் இருமுதா. மொதல்ல ஆளுக்கு முழுசாத் தின்னோம், மாசம் பாதியில தீந்துபோச்சு. இப்பம் பங்கு வச்சிக்கிடுதோம். ஒரே பானையில பொங்கித் திங்கோம், மருந்த மட்டும் நான் தனியாத் தின்னா நல்லாவா இருக்கும்?"

 விற்கிறார் என்று எழுதிய அந்த டாக்டரை அங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் விற்பதைவிட இது ஆபத்து. அரைகுறை மருந்தில் கிருமி சாகாது, அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு முழு மருந்து கொடுத்தாலும் கேட்காது. இரண்டு பேருமே போய்விடுவார்கள். என் வேலையில் நான் சொன்ன மிகக் கடினமான வார்த்தையை அந்த அறையில் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னையிலிருந்து முழு மருந்தும் நீங்கதான் சாப்பிடோணும். பரிசோதனை முடியற வரைக்கும் அவங்க ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க."

அருளப்பன் கையை உதறினார்.

"இருமுதவளப் பாக்க வச்சுட்டு நான் திங்கணுமா? என்னைய உள்ள போட்டாங்க, அது நியாயம். நான் அடிச்சேன். இது நியாயமில்ல அண்ணாச்சி."

"அப்போ அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க. அவங்களுக்குன்னு தனியா மருந்து கிடைக்கும்."

"போனா என்ன ஏதுன்னு கேப்பாக" என்றார் புஷ்பம். அதுவரை வாசல்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர். "லீவு கேட்டா கங்காணி காரணம் கேப்பாரு. யாருகிட்ட இருந்து ஒட்டுச்சு, அவரு எங்க இருந்தாரு, எல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். இந்த அறையும் போயிரும்."

 வெளியே ஏதோ ஒரு வீட்டில் சட்டி கழுவுகிற சத்தம். புஷ்பம் எழுந்தார். இரண்டு பங்கையும் ஒன்றாக்கி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நீட்டினார்.

"அறைக்காகவா நான் இத்தன நாளு காத்துக் கெடந்தேன்? தின்னும்."

அருளப்பன் தலையை ஆட்டினார்.

"தின்னும்னு சொல்லுதேன்லா."

வாங்கிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கண் கலங்கியிருந்தது.

"பேசும்" என்றார் புஷ்பம். டாக்டரம்மாவின் தந்திரத்தை வீட்டில் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"என்ன பேச?"

"காலையில கங்காணிகிட்ட நானே சொல்லுதேன்னு சொல்லும்."

அருளப்பன் அதை ஒருமுறை சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார், மாத்திரை உள்ளே போயிருந்தது.

மறுநாள் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்த இடத்தில், புஷ்பம் முன்னால் போய் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். 

"எம் புருஷன் கட்டட வேலைக்குப் போகல கங்காணி. ஒருத்தன அடிச்சு செயில்ல இருந்தாரு. அங்க நெஞ்சு நோவு வந்துச்சு. இப்பம் எனக்கும் வந்திருக்கும்னு தோணுது. மருந்து தின்னா தீந்துரும். கம்பம் போயிட்டு வாரேன், லீவு வேணும்."

பெண்கள் இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். மாடசாமி கங்காணி குடையைத் தரையில் ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"தண்ணியக் கொதிக்க வச்சுக் கலவை போடுத கொத்தனார நேத்துத்தான் பாத்தேன். அப்பமே நெனச்சேன்" என்றார். பிறகு புஷ்பத்திடம், "போயிட்டு வா. ஆனா லயத்துல வைக்க முடியாது. பிள்ளையள் இருக்கு. மேல ஏலக்காட்டுக்குள்ள காவக்குடிசை சும்மாத்தான கெடக்கு. தீருத மட்டும் அங்க இருங்க. வேலை இருக்கு, அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அறை போய்விட்டது, வேலை போகவில்லை. அருளப்பனுக்கு வருத்தம்தான். புஷ்பம் மட்டும், "மேல நல்லாக் காத்து வரும்" என்று சொல்லிச் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் புஷ்பத்தோடு கம்பம் போனேன். சளியில் கிருமி இருந்தது. அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாமே எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தனித்தனியாக மருந்து எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "வீட்டு முன்னால என்ன மரம் நிக்குதுன்னெல்லாம் கேட்டோம். வீட்டுக்குள்ள யாரு இருமுதாகன்னு கேக்கலையே" என்றார். அன்றிலிருந்து விடுதலையாகும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டோம். ஆம் என்றவர்களுக்கு அக்கரையில் பை கொடுத்ததோடு நிற்காமல், கூடவே அவர்கள் வீட்டுக்கும் போனோம். ரம்யா, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். மருந்து தின்னாத மனுஷனைத் தேடாதே. அவன் யாருக்குப் பயந்து, யாரை நினைத்துத் தின்னாமல் இருக்கிறான் என்று தேடு.

டாக்டரம்மா பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். நான் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, ஆற்றில் குளித்து வீட்டுக்கு வந்தால், வாசலில் தவலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அருளப்பனும் புஷ்பமும். இரண்டு பேர் கன்னத்திலும் சதை பிடித்திருந்தது. அருளப்பன் கையில் மஞ்சள் பை. துவைத்து மடித்து, அதற்குள் ஏலக்காய் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள்.

"ஆருங்க இவங்க?"

எனக்குப் பழைய பழக்கம் விடவில்லை. "கஞ்சிக்கோட்டுல கட்டட வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"செயில்ல இருந்தவன் ஆத்தா" என்றார் அருளப்பன். "ஒங்க மகன்தான் ஊசி போட்டாரு. எனக்கும் இவளுக்கும் மருந்து முடிஞ்சுபோச்சு. இனி வேண்டாம்னுட்டாக. லயத்துல அறையும் திரும்பக் குடுத்துட்டாக. இந்தப் பையக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

அம்மா பையைப் பார்த்தாள். தன் பையை அவளுக்குத் தெரியாதா? திரும்ப வரக்கூடாது என்று அவளே சொன்ன பை. பிறகு தவலைப் பக்கம் திரும்பிக் கவிழ்த்து வைத்திருந்த சொம்பை எடுத்தாள்.  இத்தனை தூரம் வந்தவர்களைக் குளிக்கச் சொல்லிவிடுவாளோ என்று வாயைத் திறக்கப் போனேன்.

அவள் தவலையில் மொள்ளவில்லை. சொம்போடு உள்ளே போனாள். குடிக்கிற பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து புஷ்பத்தின் கையில் கொடுத்தாள்.

"மலையில இருந்து வாறீங்க, களைச்சிருப்பீங்க. குடிச்சுப்போட்டு உள்ளார வாங்க" என்றாள்.

இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அம்மா பையை வாங்கி ஏலக்காயை டப்பாவில் கொட்டிவிட்டு, பையைச் சமையலறை ஆணியில் மாட்டினாள். அடுத்தநாள் சாயங்காலம் நான் சிறையிலிருந்து வந்தபோது வாசலில் தவலை இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எடுத்துக்கொண்டேன் என்றாள் அம்மா. நான் உடுப்பைக்கூட மாற்றாமல், நேராக வீட்டுக்குள் போனேன்.